சன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது?

சென்ற ஐப்பசியில் ஒரு நாவலை எழுதி முடிப்பதற்காக அட்டுவம்பட்டியில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். கொடைக்கானல் ஊருக்குள் தங்க வசதியில்லையா என்று கேட்பீர்கள். வசதி உண்டு, அமைதிதான் இல்லை. அட்டுவம்பட்டியிலோ மகளிர் பல்கலைக்கழகத்தின் கட்டடங்களைத் தாண்டிவிட்டால் தோட்டங்களும் மூடுபனியும்தான்.

அடுத்த வீட்டில் ஓர் இத்தாலியர் குடியிருந்தார். வயது முப்பத்தைந்து இருக்கலாம். பெங்களூரில் ஒரு கம்பெனியில் மென்பொருள் எஞ்சினியர். கம்பெனி வேலையை இங்கிருந்தபடியே கம்ப்யூட்டரில் செய்துவந்தார். வெள்ளைக்காரர்கள் இந்த மலைக்கு வந்து உட்காருவது ஒன்றும் புதிதல்ல. 1845-லேயே அமெரிக்கப் பாதிரிமார்கள் இங்கே வீடு கட்டிக்கொண்டவர்கள். ஆகவே அவர் இருந்தது எனக்கு அதிசயமாகப் படவில்லை. அவர் செய்த ஒரு காரியம்தான் அதிசயமாகப் பட்டது. தினம் இரவு, சாப்பாடானதும், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு தம் தாய்மொழியில் ஒரு பக்கம் எழுதுவார்.

"நாவலா?" என்று ஒருநாள் கேட்டேன். ஒரே தொழிலாளி என்ற ஆசைதான்.

"இல்லை. இன்று நடந்தது" என்றார்.

இரண்டு மூன்று பக்கங்களை எனக்கு இங்கிலீஷில் சொல்லிக் காட்டினார். பாக்கிச் சில்லறை இரண்டு ரூபாயைத் தராத கண்டக்டர், மூன்றாம் நாள் தாமாகவே நினைவு வைத்துக் கொடுத்தது. தோட்டத்தில் நிற்கும் ஒரு கிழவி கையைத் தூக்கினால், அவள் ஏறிவந்து சேரும்வரை பஸ் காத்திருப்பது. பெண்கள் பூண்டைத் தரம் பிரிக்கும் வேகத்தைப் பார்த்துவிட்டு, தாம் மூன்று நாளாக மல்லுக்கு நிற்கும் புரோகிராமில் தவறு எங்கே என்று யோசித்தது. அவருடைய பாட்டியும் சமையலறையில் பூண்டைப் பின்னித் தொங்கவிட்டிருந்தாளாம். அந்த ஞாபகமும் அதே பக்கத்தில் இருந்தது. எழுதியதை மாதம் ஒருமுறை ஊரிலிருக்கும் தம் தாயாருக்கு அனுப்பிவிடுவாராம்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அன்றிரவு படுத்த பிறகு கோபம் வந்தது. அந்த மனிதர் மீதல்ல; நம்மவர்கள் மீது.

என் அக்கா வத்தலக்குண்டில் இருக்கிறாள். அவள் மகன், என் மருமகன், ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் அதே மென்பொருள் உத்தியோகத்தில் இருக்கிறான். போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. தங்கமான பையன். மாதம் தவறாமல் பணம் வரும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கைபேசியில் முகம் வரும். "சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா" என்பான். அவளும், "நீ சாப்பிட்டியாப்பா" என்பாள். பத்து நிமிஷத்தில் முகம் மறைந்துவிடும்.

மலையிலிருந்து இறங்கும்போது அக்காவைப் பார்க்கப் போனேன். இத்தாலியரின் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு சொன்னாள்: "ஏன்டா தம்பி, நம்ம பய மூஞ்சியத்தான் காட்டுறான். காலையில எந்திரிச்சா சன்னலுக்கு வெளிய எதப் பாப்பான், பாத்து என்ன நெனப்பான்னு எனக்குத் தெரியலையேடா. பெத்தவளுக்குத் தெரிய வேணாமா?"

அவனுடைய சம்பளம் அவளுக்குத் தெரியும். வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி என்பது தெரியும். பதினோரு வருஷம் அவன் எப்படி வாழ்ந்தான் என்பது மட்டும் தெரியாது. இது ஓர் அக்காவின் கதை என்றால் இங்கே எழுதமாட்டேன். இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களில் எத்தனை பேருக்கு இது சொந்தக் கதை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

இதைச் சொன்னால் நம் பிள்ளைகள் ஆட்சேபணைகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நேரமில்லை என்பது முதலாவது. என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே தொழில்தான், அதே கம்ப்யூட்டர்தான், அவருக்கும் நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரம்தான்.

தமிழில் எழுத வரவில்லை என்பது இரண்டாவது. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். 1680-ல் இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்த பெஸ்கி, முப்பது வயதுக்குப் பிறகு இங்கே வந்து தமிழ் எழுத்தை முதலிலிருந்து கற்றார். கற்றதோடு நிற்கவில்லை. குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்த வழக்கத்தை மாற்றி, நெடிலுக்குத் தனி வடிவம் தந்தவர் அவரே என்று படித்திருக்கிறோம். சதுரகராதி செய்தார். அசட்டுக் குருவையும் அவருடைய சீடர்களையும் வைத்து, நம் வீட்டுத் திண்ணைப் பேச்சை அச்சில் ஏறக்கூடிய உரைநடையாக்கினார். வீரமாமுனிவர் என்று பெயரிட்டு, 1968-ல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலையும் வைத்தோம். இத்தாலிக்காரருக்கு வந்த தமிழ் வத்தலக்குண்டுக்காரனுக்கு வராதா? கருவி இல்லை என்றும் சொல்ல வழியில்லை. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத முரசு அஞ்சலை அமைத்துத் தந்த முத்து நெடுமாறன் மலேசியாக்காரர். பழந்தமிழ் நூல்களை மின்னேட்டில் ஏற்றும் மதுரைத் திட்டத்தை 1998-ல் தொடங்கி நடத்தியவர் சுவிட்சர்லாந்தில் விஞ்ஞானியாக இருந்த கல்யாணசுந்தரம். கடல் கடந்து போன தமிழர்களே செய்து கொடுத்த கருவி இது. அதைக் கடல் கடந்த தமிழனே தொட மறுக்கிறான்.

எழுத என்ன இருக்கிறது, தினமும் ஒரே மாதிரிதானே என்பது மூன்றாவது. இதற்கு நான் பதில் சொல்லவேண்டாம். அட்டுவம்பட்டிக்கு அந்தண்டை இருக்கிற மலைமேல் போய்ப் பாருங்கள். கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தில் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்துவந்திருக்கிறார்கள். மேகம் விலகிய நாளெல்லாம் அதே சூரியன்; அதே வேலை. 1909-ல் எவர்ஷெட் துரை அங்கேதான் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைக் கண்டுபிடித்தார். அன்றாடம் எடுத்த அந்தப் படங்களை அடுக்கிவைத்துத்தான் இன்றைய விஞ்ஞானிகள் சூரியனின் நெடுங்கால மாறுதல்களைப் படிக்கிறார்கள். நேற்றைப்போலத்தானே இன்றும் என்று ஒருவர் சோம்பியிருந்தால் அந்தச் செல்வம் ஏது?

மனிதனுக்கும் இதே நியாயம்தான். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை வியாபாரத்தையும் துபாஷ் வேலையையும் கவனித்துக்கொண்டே நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, இன்னார் இன்னாருடன் சண்டையிட்டார் என்றெல்லாம் எழுதினார். இலக்கியம் படைப்பதாக அவர் நினைத்திருக்கமாட்டார். அவர் எழுதாமலிருந்தால், பிரெஞ்சுக்காரர் காலத்துத் தமிழனின் ஒருநாள் எப்படிக் கழிந்தது என்பதைப் பிரெஞ்சுக்காரரின் காகிதங்களைப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆனால், குற்றம் முழுவதையும் பிள்ளைகள் தலையில் சுமத்திவிட்டு நான் நழுவக்கூடாது. அவர்கள் எழுதினால் படிக்க நாம் தயாராக இருந்தோமா? "காரட் விலையை எழுதுவது இலக்கியமா?" என்று ஒரு சிநேகிதர் என்னிடமே கேட்டார். வெளிநாடு என்றால் நமக்கு இரண்டே சரக்குத்தான் வேண்டும்: ஒன்று, கோபுரமும் அருவியும் பார்த்த பிரயாணக் கட்டுரை, இன்னொன்று, இட்லிக்கு ஏங்கும் அழுகை. நடுவிலே ஒரு மனிதன் உத்தியோகம் பார்க்கிறான், அடுத்த வீட்டுக்காரரைத் தெரிந்துகொள்கிறான், பனி பெய்யும் காலையில் பஸ்ஸுக்கு நிற்கிறான் என்பது நமக்கு விஷயமாகவே படவில்லை. என்னையே சொல்கிறேன். என் இரண்டு நாவல்களில் வெளிநாட்டு மாப்பிள்ளை வருகிறான். இரண்டிலும் சென்ட் பாட்டிலும் சாக்லெட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தாயை மறந்துபோகிறான். அவன் அங்கே என்ன வேலை செய்தான் என்று நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுதியதில்லை என்பதைவிட, விசாரித்ததே இல்லை என்பதுதான் உண்மை.

இத்தாலியரான பிரீமோ லெவி பெயிண்ட் தொழிற்சாலையில் இரசாயனியாக வேலை பார்த்தவர். தேசம் தேசமாகப் போய்ப் பெரிய இரும்புச் சாதனங்களைப் பூட்டிக் கொடுக்கும் ஒரு தொழிலாளி தன் வேலைகளைப் பற்றிப் பேசுவதையே 1978-ல் ஒரு நாவலாக்கினார். அவர்கள் ஜனங்கள் அதை விரும்பிப் படித்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் இலங்கைத் தமிழர்களைப் பாருங்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் அவர்களில் பலர். ஷோபாசக்தி பாரிஸில் கிடைத்த கூலி வேலைகளைச் செய்துகொண்டே நாவல் எழுதினார். டொரண்டோவில் இருக்கும் அ. முத்துலிங்கம் தாம் போன தேசத்திலெல்லாம் கண்ட சின்னஞ்சிறு சம்பவத்தையும் தமிழில் எழுதிவைத்தார். நாடிழந்தவர்கள் எழுதினார்கள், விமான டிக்கெட்டும் உத்தியோக உத்தரவும் வைத்துக்கொண்டு போனவர்களில் பெரும்பாலோர் வாயை மூடிக்கொண்டார்கள். இதற்குச் சமாதானம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

முகம்தான் தெரிகிறதே, எழுத்து எதற்கு என்பார்கள். முகம் தெரிகிறது, நாள் தெரியவில்லை. பார்த்த முகம் மறைந்துவிடும். எழுதிய பக்கத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தாய் நான்கு தடவை படிப்பாள். அக்காவுக்கு வயது எழுபத்திரண்டு. இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது.

மருமகனே, இந்தப் புத்தகத்தை உனக்கு நானே தபாலில் அனுப்பப்போகிறேன். கதை வேண்டாம், கவிதை வேண்டாம், பிழையில்லாத தமிழ்கூட வேண்டாம். உன் சன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது? அதைப் பார்த்து நேற்று நீ என்ன நினைத்தாய்? ஒரு பக்கம் எழுதி உன் தாய்க்கு அனுப்பு. அவள் கண்ணில் வெளிச்சம் இருக்கும்போதே அனுப்பு.