உலாவி கேட்கும் அனுமதி யாருக்காக?

சில நாள்களுக்கு முன், பொருள் விற்கும் தளம் ஒன்றைக் கணினியில் திறந்தேன். என் வீட்டு வலையமைப்பில் உள்ள சாதனங்களைத் தேடி அவற்றோடு இணைய இந்தத் தளத்தை அனுமதிக்கலாமா என்று உலாவி கேட்டது. என் ரவுட்டரிடமும் அச்சுப்பொறியிடமும் ஒரு கடைக்கு என்ன வேலை என்று யோசிப்பதற்குள் விரல் 'அனுமதி'யை அழுத்திவிட்டது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கெடும் என்று வகுப்பறையில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான்!

2025 அக்டோபரில் வெளியான குரோம் 142-ஆம் பதிப்புதான் இந்தக் கேள்வியைப் பரவலாகக் கொண்டுவந்தது. இதன் தேவை புரிய, உலாவிக்குள் ஏற்கெனவே உள்ள ஒரு சுவரைப் பற்றி அறிய வேண்டும்.

இணையப் பக்கம் என்பது வெறும் எழுத்தும் படமும் அல்ல. நம் கணினியில் வந்து இயங்கும் நிரலும்கூட. யாரோ எழுதிய நிரலை நம் வீட்டுக்குள் இயங்கவிடுவதன் ஆபத்தை 1990-களின் நடுவிலேயே நெட்ஸ்கேப் நிறுவனம் உணர்ந்தது. ஒரு தளத்தின் நிரல் மற்றொரு தளத்தின் தகவலைப் படிக்கக் கூடாது என்ற விதி அப்போது பிறந்தது. அக்காலத்து ஜாவா ஆப்லெட்டுகளும், தாம் இறங்கிவந்த வழங்கியோடு மட்டுமே பேசலாம் என்று கட்டுப்படுத்தப்பட்டன. தளப் பெயருக்கு உரிய முகவரியைப் பொய்யாகக் காட்டி அந்தத் தடையைத் தாண்டலாம் என்பதை 1996-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஓட்டைகள் அடைக்கப்பட்டன, விதி நிலைத்தது. நாம் ஒரு பக்கம் வங்கிக் கணக்கையும் மறுபக்கம் ஏதோ ஒரு தளத்தையும் அச்சமின்றித் திறந்துவைக்க முடிவது அதனால்தான்.

ஆனால், அந்தச் சுவர் பதிலைப் படிப்பதைத்தான் தடுத்தது. செய்தி அனுப்புவதைப் பெரும்பாலும் தடுக்கவில்லை. எங்கோ உள்ள ஒரு தளம், நம் உலாவியைத் தூதனாக்கி, நம் வீட்டு ரவுட்டருக்குக் கட்டளை அனுப்பி அதன் அமைப்பை மாற்ற முயலலாம். நம் கருவியிலேயே இயங்கும் மற்றொரு செயலியிடமும் பேசலாம்.

இது கற்பனை அல்ல. 2025 ஜூனில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்ட தகவல் இதற்குச் சான்று. மெட்டா நிறுவனத்தின் கண்காணிப்பு நிரல் பல லட்சம் தளங்களில் பொதிந்துள்ளது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உலாவியில் அத்தகைய தளத்தைத் திறந்தால், அந்த நிரல் அதே கைப்பேசியில் உள்ள ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகளுக்கு ஓர் அடையாள எண்ணைக் கடத்தியது. செயலிக்கு நம் பெயர் தெரியும். பக்கத்துக்கு நாம் பார்ப்பது என்ன என்று தெரியும். இரண்டும் உள்ளுக்குள்ளேயே கைகோத்தன. குக்கிகளை அழித்தாலும், மறைநிலையில் உலாவினாலும் பயனில்லை. ரஷியாவின் யாண்டெக்ஸ் 2017 முதலே இதைப் போன்ற வழியைக் கையாண்டுவந்தது. செய்தி வெளியானதும் மெட்டா அந்த வழக்கத்தை நிறுத்திக்கொண்டது. வெளியாகாமல் இருந்திருந்தால்?

ஆகவே கட்டுப்பாடு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. குரோமின் புதிய தடை எல்லா வகை இணைப்புகளையும் முதல் பதிப்பிலேயே தொடவில்லை என்பது ஒரு குறை. அது நாளடைவில் சரியாகலாம். என் ஆட்சேபம் வேறு. முடிவெடுக்கும் பொறுப்பு, முடிவெடுக்கப் போதிய தகவல் இல்லாதவரின் தலையில் வைக்கப்படுகிறது.

பழைய கார் சந்தையை வைத்து இந்தச் சிக்கலை 1970-இல் விளக்கிய ஜார்ஜ் அகர்லாஃப், பின்னாளில் நோபல் பரிசு பெற்றார். வாங்குபவரிடம் 'சம்மதமா' என்று கேட்பதால் காரின் பழுது அவருக்குத் தெரிந்துவிடாது. தளம் எதற்காக உள்ளே வர விரும்புகிறது என்பது உலாவிக்கே தெரியாது. அதனால் நமக்கும் அது சொல்வதில்லை.

எல்லாவற்றுக்கும் 'தடு' என்று சொல்லிவிடவும் முடியாது. ஜிஎஸ்டி படிவத்தில் டிஜிட்டல் கையொப்பமிடும் நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். அங்கே இணையப் பக்கம், அதே கணினியில் நிறுவப்பட்ட கையொப்ப நிரலோடு பேசியாக வேண்டும். நேர்மையான தேவைக்கும் கள்ளத்தனத்துக்கும் வாசல் ஒன்றே. கெடு நாளன்று கணக்கு தாக்கல் செய்பவர் எதைக் கேட்டாலும் 'ஆம்' என்பார். அந்தப் பழக்கம் பிற தளங்களிலும் தொடரும்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவைக் கேட்பவர் அதன் நோக்கத்தைச் சொல்ல வேண்டும். அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் அதைப் படிக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது சட்டம். உலாவியின் ஒற்றை வரிக் கேள்விக்கு நாம் அழுத்தும் 'ஆம்', இந்தச் சட்டம் கோரும் ஒப்புதல் ஆகாது என்று தரவுப் பாதுகாப்பு வாரியம் தெளிவுபடுத்த வேண்டும். எந்த நிரலோடு, எதற்காகப் பேசப்போகிறோம் என்பதைத் தளமே முதலில் சொல்லட்டும். உலாவி பிறகு கேட்கட்டும். இதை அரசுத் தளங்கள் தொடங்கிவைக்கலாம், தமிழிலும் சொல்லலாம்.

கூகுளின் கையில் உலாவியும் இருக்கிறது, விளம்பர வணிகமும் இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது. குரோமில் குக்கிகளைக் கட்டுப்படுத்தும் திட்டத்தை அந்நிறுவனம் முன்வைத்தபோது, பிரிட்டனின் போட்டி ஆணையம் தலையிட்டு 2022-இல் அதனிடம் உறுதிமொழிகளைப் பெற்றது. நம் போட்டி ஆணையமும் உலாவி விதிகளைத் தொழில்நுட்ப விவரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

நான் கொடுத்த அனுமதியை மறுநாள் அமைப்புகளுக்குள் தேடிச் சென்று நீக்கினேன். அந்தக் கடைத் தளம் முன்போலவே இயங்குகிறது. பிறகு எதற்காகக் கேட்டது என்பதற்கு மட்டும் இன்னும் விடையில்லை.