மலைநாட்டு மானியமும் மனு எழுதுவோரும்

பொதுப்பணிக்குப் பொருள் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். அப்பொருளை ஊராரிடம் பிடியரிசியாகத் திரட்டுவதா, அரசினரிடமும் அறநிலையங்களிடமும் மானியமாகக் கேட்டுப் பெறுவதா என்பதே நெடுங்கால வினா. 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுகநாவலர் அவர்கள், மிஷன் பாடசாலைகள் அரசினர் உதவியோடு வளர்ந்த காலத்தில், ஊராரின் உதவியையே பெரிதும் நம்பி அதனை நடத்தினார்கள். அவ்வழி வந்த இந்துக் கல்லூரிகளிற் பயின்ற நமக்கு விண்ணப்பம் இன்னது என்பதும், அது மறுக்கப்படுதல் இன்னது என்பதும் புதிய செய்திகள் அல்ல. ஆதலின், நம் பழைய மாணவர் பலர் ஆசிரியராயும் எழுதுவினைஞராயும் வைத்தியராயும் பணியாற்றிய அட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே அத்தகைய விண்ணப்பம் படும் பாட்டினை இம்மலரிற் சிறிது எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

மலைநாட்டுக்கு மானியமே வந்ததில்லை என்று சொல்லுதல் பொருந்தாது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வழங்கும் கல்வி நிதியம் 1947 ஆம் ஆண்டிலேயே இந்திய அரசின் ஆதரவுடன் அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் சுவீடன் தோட்டப் பாடசாலைகளுக்கு உதவியது. பத்தனையிலுள்ள ஸ்ரீபாத ஆசிரியர் கல்லூரி ஜெர்மனியின் உதவியைப் பெற்றது. நெதர்லாந்தும் நோர்வேயும் லயங்களின் நீருக்கும் மலசலகூடங்களுக்கும் பொருள் தந்தன. 2017 ஆம் ஆண்டு மே 12 ஆம் திகதி, இந்திய உதவியால் எழுந்த டிக்கோயா வைத்தியசாலையைத் திறந்து வைத்த பாரதப் பிரதமர் நரேந்திர மோடி, அன்றே நோர்வூட்டில், முன்னர் ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளுக்கு மேலாக இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2023 ஆம் ஆண்டில், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாம் ஆண்டு நினைவையொட்டி 75 கோடி இந்திய ரூபா அறிவிக்கப்பட்டது.

இவை யாவும் அரசும் அரசும் பேசி முடித்தவை. நாம் ஈண்டுக் கருதுவது சிறிய மானியத்தை. இருபது குடும்பம் வாழும் ஒரு லயத்துக்குத் தண்ணீர்க் குழாய், ஒழுகும் பிள்ளைக் காம்பராவுக்குக் கூரை, மாலை வகுப்புக்கு நான்கு வாங்கு, ஒரு விளக்கு: இவற்றைக் கேட்டு ஒரு சங்கம் எழுதும் மனு. பெரிய மானியம் வரும் வேளையில் வரும். அதற்கு நம் கை தேவையில்லை. சிறிய மானியமோ எழுதத் தெரிந்த ஒருவரைக் காத்து நிற்கின்றது.

தோட்டத்துச் சங்கம் ஒன்று மனு எழுத முற்பட்டால் முதலில் எதிர்ப்படுவது காணி பற்றிய கேள்வி. கட்டடம் எழும் நிலம் யாருடையது என மானியம் வழங்குவோர் கேட்கின்றனர். கேட்பது நியாயமே; பிறர் நிலத்தில் எழுந்த கட்டடம் நாளை யாரைச் சேரும் என்னும் ஐயம் எவர்க்கும் உண்டாகும். ஆயினும் விடை எளிதன்று. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் அதன் 1975 ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992 ஆம் ஆண்டு முதல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் சென்றது. காணி உரிமை ஓரிடத்தும், குத்தகை மற்றோரிடத்தும், அன்றாட அதிகாரம் துரையின் காரியாலயத்திலும் இருக்க, ஐந்து தலைமுறையாக அங்கு வாழ்பவனிடம் தன் காம்பராவுக்குத்தானும் உறுதி இல்லை. வீடமைப்புத் திட்டங்களில் ஏழு பேர்ச் காணி பெற்றவர் நீங்கலாக, பெரும்பாலார் நிலை இதுவே. நீர்த்திட்டமாயின் சிக்கல் மேலும் பெருகும். ஊற்று மேற்கணக்கில் இருக்கும். குழாய் வேறொரு தோட்டத்தைக் கடந்து வரும். குடிப்போர் பணியக்கணக்கில் இருப்பர். மலைச்சரிவாதலால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசும் வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்ததை அறிந்த பின்னர், இவ்வொரு விதியை மட்டும் குறை கூற எமக்கு மனமில்லை.

அடுத்தது முகவரி. லயத்துக் குடும்பங்களுக்குத் தனி முகவரி இன்மையின், கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்குச் சென்று அங்கிருந்து கைமாறி வருதலே நெடுங்கால வழக்கம். பதினான்கு நாளில் விளக்கம் தருக என்று கேட்கும் கடிதம் இருபதாம் நாள் கையிற் கிடைத்தால் மனுவின் கதி என்னாகும்? பின்னர்ப் பதிவு. தொண்டு நிறுவனங்களைப் பதிவு செய்தற்கும் மேற்பார்வை செய்தற்கும் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. சங்கத்தின் யாப்பு, உறுப்பினர் பட்டியல், வங்கிக் கணக்கு, ஆண்டறிக்கை எல்லாம் ஒழுங்காயிருத்தல் வேண்டும். கந்தோருக்கு ஒருமுறை சென்று மீள்வது தொழிலாளிக்கு ஒரு ‘பேர்’ இழப்பதாகும். நாட்சம்பளம் 1,000 ரூபாவானதே 2021 மார்ச்சில்தான். மூன்று முறை அலைந்த காரியதரிசி நான்காம் முறை செல்லாவிடின் அவனைச் சோம்பன் என்று சொல்வார் நாவு கூசாதோ?

இத்தனைக்கும் அயலிலுள்ள கிராமத்தான் தன் பிரதேச சபையிடம் ஒரு பாதை, ஒரு கிணறு கேட்கலாம். தோட்டத்தான் நிலை அப்படியிருக்கவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டங்களுள்ளே செலவிடுதற்குத் தடையாய் நின்றது. வாக்களிக்கும் போது அவன் சபைக்கு உரியவன். வாய்க்கால் கேட்கும் போது தோட்டத்துக்கு உரியவன். அப்பிரிவு திருத்தப்பட்டது 2018 ஆம் ஆண்டில். முப்பத்தோராண்டுகளாகச் சபையின் வாயிலில் கேட்டுப் பழகாத மக்கள், வாயில் திறந்த மறுநாளே வரிசையில் வந்து நிற்கவில்லை என்று வியப்பவர்களை நாம் கண்டிருக்கின்றோம்.

இந்நிலையிலே நல்லெண்ணமுடைய வெளியார் புகுகின்றனர். அவர்களிடம் பதிவு உண்டு, முகவரி உண்டு, ஆங்கிலம் உண்டு. அவர்களே மனுவை எழுதி, அவர்கள் பெயரிலேயே மானியத்தைப் பெற்று, கட்டடத்தைக் கட்டி, கல்வெட்டைப் பதித்து, மலையிறங்கி விடுகின்றனர். அவர்கள் அன்பை நாம் ஐயுறவில்லை. ஆனால் அக்கட்டடத்தின் கணக்கு யாரிடம் இருக்கின்றது? கூரைத்தகடு பறந்தால் மாற்றுவதற்கு எவரிடம் கேட்பது? லயத்தாருக்கு அது துரையின் கட்டடம். துரைக்கு அது ‘ஐயாமாரின்’ கட்டடம். ஐயாமாருக்கோ அது முடிந்துபோன அறிக்கை. பழைய மாணவர் சங்கங்களும் இவ்வழக்கிற்கு விலக்கல்ல. பெயர்ப் பலகையின் மேல் உள்ள ஆசை கற்றவர்க்கே மிகுதி.

எமது கருத்து இது: எழுதுகோலை இரவல் கொடுப்போம், பெயரைக் கொடுக்க வேண்டா. மனு தோட்டத்துச் சங்கத்தின் பெயரிலேயே, அதன் வங்கிக் கணக்குக்கே செல்லுதல் வேண்டும். பதிவில்லையேல் முதலிற் பதிவுக்கு உழைப்போம். ஓராண்டு தாமதமானாலும் ஆகுக. தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் இயங்கும் தோட்டமாயின் புதிதாக ஒன்றைத் தோற்றுவிக்கவும் வேண்டியதில்லை.

தோட்டத்தாருக்குக் கணக்கு வைக்கத் தெரியாது என்பர் சிலர். இதனைப் போல வீண்வாதம் பிறிதில்லை. மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழாவை யார் நடத்துகின்றனர்? குடும்பத்துக்கு இவ்வளவு என வரி விதித்து, செக்ரோலிற் பிடித்தோ வீடு வீடாய்த் தண்டியோ பொருள் சேர்த்து, மேளகாரர் முதல் பூக்காரர் வரை கூலி கொடுத்து, எஞ்சியதைக் கூட்டத்திலே வாசித்துக் காட்டுகின்றவர் யார்? தலைவரும் கோயிற் கமிட்டியாருமே. வாசித்த கணக்கில் நூறு ரூபா குறைந்தால் எழும் ஆரவாரத்தைக் கொழும்பிலுள்ள எந்தக் கணக்குப் பரிசோதகரும் எழுப்பார். சாவு வீட்டுக்கு மறுநாளே பணங்கொடுக்கும் மரண உதவிச் சங்கங்களும் அங்கு உண்டு. இக்கணக்குக் கொப்பிகளை மனுவோடு இணைத்து அனுப்பினால் அதைவிடச் சிறந்த நற்சான்று வேறென்ன? இவற்றை அனுபவம் என்று படிவத்தில் எழுதலாம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. நம் எழுதுகோலுக்குரிய முதல் வேலை இதுவே.

இரண்டாவது வேலை, கேட்கவேண்டியதைக் கேட்பித்தல். கட்டடத்துக்குப் பொருள் தருவோர் பலர். அதனை நடத்துதற்குத் தருவோர் சிலர். பிள்ளைக் காம்பராவுக்கு வர்ணம் பூசுவதற்கு முன், அங்கு பிள்ளை பார்ப்பவளின் ஊதியமும் பாலும் மூன்று ஆண்டுக்கு எங்கிருந்து வரும் என எழுதுதல் வேண்டும். குழாய்த் திட்டமாயின் வால்வு பழுதானால் திருத்துதற்குக் குடும்பத்துக்கு மாதம் எத்துணை ரூபா என்பதைச் சங்கமே கூடித் தீர்மானித்து எழுதுதல் வேண்டும். கொழுந்து நிறுத்து வந்த பின் குடத்தோடு வரிசையில் நிற்பவர் பெண்கள். ஆனால் கமிட்டியில் இருப்பவர் பெரும்பாலும் ஆண்கள். குழாய் எங்கே வரவேண்டும் என்பதை அப்பெண்களிடம் கேட்டால் மனுவின் பாதி தானே எழுதப்பட்டுவிடும். நடத்துதற்கு வழியில்லாத மானியமாயின் அது வேண்டா என்று எழுதும் துணிவும் சங்கத்துக்கு இருத்தல் நன்று.

மானியம் வழங்குவோருக்கும் ஒரு சொல். காணி உறுதிக்குப் பதிலாக, தோட்ட முகாமையும் சங்கமும் கைச்சாத்திட்ட நீண்டகாலப் பயன்பாட்டு உடன்படிக்கையை ஏற்றல் வேண்டும். படிவத்தைத் தமிழிலும் வழங்குதல் வேண்டும். சங்கத்தார் கொடுக்கும் உடலுழைப்பை அன்றைய நாட்சம்பளக் கணக்கிலேயே பங்களிப்பாகக் கொள்ளுதல் வேண்டும்.

நம் பழைய மாணவர் சங்கம் யூபிலி நினைவாக ஏதேனும் செய்ய எண்ணுமாயின், கட்டடம் ஒன்றை மலையில் நிறுவும் எண்ணத்தை விடுத்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையும் கணக்கறிந்த ஒருவரையும் மூன்று தோட்டங்களுக்கு ஓராண்டு அனுப்புதல் தகும். மேல்வகுப்பு மாணவர் இருவர் உடன் சென்று கூட்டக் குறிப்பெழுதப் பழகலாம். செலவு பஸ் கட்டணமும் காகிதமுமே. முதற் கூட்டத்தைச் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வைத்தல் ஆகாது. அன்று லயத்தில் எவரும் இரார், அட்டன் கடைத்தெருவிலேதான் இருப்பர்.