மார்கழியும் மப்ளரும்

சென்ற வருஷம் மார்கழியில் வட இந்திய நண்பர் ஒருவர் எங்கள் தஞ்சாவூருக்கு வந்திருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு அவரைத் தெருவில் உலாவ அழைத்துச் சென்றேன். எதிரே வந்தவர்களைப் பார்த்து அவர் சற்றுத் திகைத்துப் போனார். ஒருவர் முகத்திலாவது கண்ணும் மூக்கும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தலை, காது, கழுத்து சகலத்தையும் மப்ளர் விழுங்கியிருந்தது. "இந்தத் தெருவில் எல்லோருக்கும் பல்வலியா?" என்று கேட்டார். "இல்லை, குளிர்" என்றேன். தம் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். 21 டிகிரி என்று காட்டிற்றாம். அரைக்கைச் சட்டையோடு நின்றுகொண்டு, "எங்கள் ஊரில் இதை வசந்தம் என்போம்" என்று சொல்லிச் சிரித்தார்.

பத்து மாதம் வெயிலில் வெந்த தேகத்துக்கு 21 டிகிரியே இமயம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மார்கழி மாதத்தைப் பற்றி எனக்கு ஒரு சித்தாந்தம் உண்டு, நேயர்களே! வீடு என்று ஒன்று மனிதன் கட்டிக்கொண்டதே அந்த முப்பது நாளுக்காகத்தான். எழுந்தவுடன் வெந்நீர், அதன் பின் ஆவி பறக்கும் காப்பி, மத்தியானம் மிளகு ரசம், சாயங்காலம் சுக்குக் காப்பி, இரவில், பகலெல்லாம் வெயிலில் உலர்த்தி எடுத்த கம்பளி. இவ்வளவு சௌகரியத்தையும் விட்டுவிட்டுப் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு பிரயாணம் கிளம்புகிறவனைக் கண்டால் எனக்குப் பரிதாபமே உண்டாகும். பல வருஷமாக இதைப் பிரசாரம் செய்துவந்தேன். பிரசாரத்தோடு நில்லாமல் அனுஷ்டித்தும் வந்தேன் என்பதுதான் விசேஷம்.

இப்படி இருக்கையில், இந்த வருஷம் அரைப் பரீட்சை விடுமுறைக்கு ஊட்டிக்குப் போகவேண்டும் என்று என் மனைவி ஒரு பிரேரணை கொண்டுவந்தாள். நான் எதிர்த்துப் பேச எழுந்தேன். கோடையில் வெயிலுக்கு அஞ்சி ஊட்டிக்குப் போவது நியாயம். குளிர் காலத்தில் குளிரைத் தேடிக்கொண்டு போவார் உண்டோ? ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மலைப்பாதையில் மண் சரிவதும், ரயிலை நிறுத்திவைப்பதும் அடிக்கடி நடப்பவை. மழை மார்கழிக்குள் எட்டிப் பார்த்தால் என்ன செய்வது? போதாக்குறைக்கு என் மேஜையின்மேல் நூற்றெண்பது பூகோள விடைத்தாள்கள். கடைசியாக என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். "அம்மாவுக்கு வயது 76. அவளை அந்தக் குளிருக்கு அழைத்துப் போவதும் முடியாது. இங்கே தனியாக விட்டுப் போவதும் முடியாது."

"மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலுக்கு நாலு டிக்கெட் வாங்கியாகிவிட்டது" என்றாள் அவள். "அக்டோபர் மாதமே."

ரயில்வேயார் முன்பெல்லாம் 120 நாட்களுக்கு முன்னாலிருந்தே டிக்கெட் கொடுத்து வந்தார்கள். 2024 நவம்பரில் அதை 60 நாளாகக் குறைத்தார்கள். தீர்மானத்துக்கு வர அவகாசம் வேண்டும் என்னும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த 60 நாளும் நஷ்டமே. என் வீட்டில் யோசிப்பதற்கு யாரும் காத்திருக்கவில்லை. அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு என் பெண் கைத்தொலைபேசியோடு தயாராக உட்கார்ந்து காரியத்தை முடித்திருக்கிறாள். நான் அப்பொழுது உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தேனாம்.

"வீட்டில் இருக்கிற சுகத்தை விட்டுவிட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தச் சுகம் தினம் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறது, தெரியுமா?" என்றாள். "நாலரை மணிக்கு. அதற்கு யார் வெந்நீர் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?"

எனக்குப் பதில் வரவில்லை. முப்பது பையன்களுக்கு நடுவில் வாய் ஓயாத உபாத்தியாயன் வீட்டில் பதில் தெரியாமல் நிற்பது புதிதல்ல என்றாலும், அன்று கொஞ்சம் அதிகமாகவே நின்றேன். மார்கழியில் வாசலில் போடுவது சின்னக் கோலமல்லவே. அந்த இருட்டில் தண்ணீர் தெளித்து, ஈரத் தரையில் குனிந்து, இருபத்தொரு புள்ளி வைத்துப் பூசணிப்பூ சொருகி நிமிர்வதற்குள் முக்கால் மணி ஆகிறது. அதன் பிறகுதான் என் வெந்நீரும் காப்பியும். நான் எழுந்து மப்ளர் கட்டிக்கொண்டு வெளியே வரும்போது, "இன்றைக்குக் குளிர் ஜாஸ்தி" என்று அந்தக் கோலத்தைத் தாண்டிக்கொண்டு சொல்லிவிட்டுப் போவேன். இருபது வருஷத்தில் என் மனைவி மப்ளர் கட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. கோலம் போடுகிறவளுக்கு அது எப்படிச் சரிப்படும்? குனிந்தால் முனை மாவில் புரளும்.

ஆதரவு தேடி ஊஞ்சலில் இருந்த என் தாயாரைப் பார்த்தேன். "ஏண்டா, நீ போகாமல் இருக்கிறதற்கு என்னைச் சாக்கு வைக்காதே. உன் அப்பாவும் இப்படித்தான்" என்றாள்.

அப்பொழுதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது என் தகப்பனார் ஊட்டிக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அடுத்த வீட்டு அம்மாளிடம் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டு, அவருக்கென்று பழுப்பு நிறத்தில் ஒரு மப்ளர் பின்னினாளாம் என் தாயார். தனக்கும் நூல் வாங்கி வைத்தாள். "போகிற தேதி தெரியட்டும், பின்னலாம்" என்று இருந்துவிட்டாள். அந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. மறு வருஷம் ஒரு கல்யாணம்; அதற்கடுத்த வருஷம் கூரைச் செலவு. அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தகப்பனார் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. நூல் மாத்திரம் இரும்புப் பெட்டியில் பூச்சி உருண்டைகளோடு இருக்கிறது.

நான் தினம் தலையில் சுற்றிக்கொண்டு உலாவுவது அந்தப் பழுப்பு மப்ளரைத்தான். ஊட்டிக்கென்று பிறந்த அது இத்தனை காலமாகத் தஞ்சாவூர் 21 டிகிரிக்கு ஊழியம் செய்து வந்திருக்கிறது.

"அங்கே எவ்வளவு குளிரும்? மலை சூரியனுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது?" என்று கேட்டாள் தாயார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பதாம் வகுப்புக் கேள்வித்தாளில் நான் கேட்டிருந்த கேள்வியே அது. 'சூரியன் அங்கே சீக்கிரம் அஸ்தமித்து விடுவதால்' என்று ஒரு பையன் எழுதியிருந்தான். கையெழுத்து அழகாயிருந்ததற்காக அரை மார்க் போட்டேன். தாயாருக்குச் சரியான விடையைச் சொன்னேன். வெயில் காற்றை நேராகச் சூடாக்குவது சொற்பம். தரையைச் சூடாக்குகிறது, தரை காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே ஏற ஏற, அழுத்தம் குறைந்து விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. பொதுவாக ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. ஊட்டி ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரம். நம் 21-லிருந்து 14-ஐக் கழித்தால் மீதி 7. மேகமில்லாத இரவாக இருந்தால் அதுவும் நிலைக்காது. தரையின் உஷ்ணமெல்லாம் வானத்துக்குப் போய்விடும். கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். தலைகுந்தா போன்ற தாழ்ந்த இடங்களில் பொழுது விடியும்போது புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் உறைபனியாக வெளுத்திருப்பதும், தேயிலைக் கொழுந்து கருகுவதும் அதனால்தான். மேட்டில் அறை பிடித்தால் பள்ளத்தைக் காட்டிலும் குளிர் குறைவு. "அப்படியானால் மேட்டிலேயே பிடி" என்றாள் தாயார். யாத்திரை அந்தக் கணத்தில் ஊர்ஜிதமாயிற்று என்று நினைக்கிறேன்.

மலை ரயிலைப் பற்றிச் சொல்வதற்கு என் பெண்ணே முந்திக்கொண்டாள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையில் 1899-லும், உதகமண்டலம் வரையில் 1908-லும் திறந்த பாதை அது. தூரம் 46 கிலோமீட்டர்தான். அதற்குள் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாற்றைத் தாண்டியதும் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். வெறும் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கிவிடும் ஆகையால், தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டம் குன்னூர் வரையில் போட்டிருக்கிறார்கள். எஞ்சினிலுள்ள பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இறங்க மூன்றரை மணி. 2005-ல் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தார்கள். எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது என்று கேட்டதும் என் தாயார், "அதுதான் சரி. இந்த வீட்டு ஆண்களை இழுத்துப் பார்த்தாயிற்று, தள்ளினால்தான் நகருவார்கள்" என்றாள்.

வைத்தியரையும் கேட்டாயிற்று. மாத்திரையைத் தவறவிடக் கூடாது. போய்ச் சேர்ந்த முதல் நாள் அலையக் கூடாது. விடியற்காலையில் வெளியே போகக் கூடாது என்று மூன்று நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்திருக்கிறார். மூன்றாவது நிபந்தனை எல்லோருக்கும் பொருந்துமா என்று என் மனைவி கேட்டாள். ஏழு மணி வரையில் கம்பளிக்குள் படுத்திருந்து, வேறு யாரோ கலந்து கொண்டுவரும் காப்பியைக் குடிப்பதுதான் ஊட்டியில் அவள் பார்க்க விரும்பும் முதல் காட்சியாம். தாவரவியல் பூங்காவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரும்புப் பெட்டி திறந்தாகிவிட்டது. நூலை இரண்டு நாள் வெயிலில் போட்டும் பூச்சி உருண்டை வாசனை முற்றும் போகவில்லை. தாயாரின் விரல்கள் முன்போல் மடங்கவில்லை. பேத்தி உருண்டையைப் பிடித்துக்கொள்ள, நாளைக்கு நாலு விரற்கடை வீதம் வளர்ந்துகொண்டு வருகிறது. கிளம்புவதற்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. விடைத்தாள்களில் 62 பாக்கி.

நேற்றுக் காலை நாலரை மணிக்கு நான் எழுந்து வெந்நீர் போட்டேன். அதில் ஒன்றும் குறைவில்லை என்று வீட்டில் ஒப்புக்கொண்டார்கள். காப்பிதான் ஆறரை மணி வரையில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. பில்டரில் பொடியை அளவுக்கு மீறி அமுக்கிவிட்டேனாம்; டிகாக்ஷன் இறங்கவே மாட்டேன் என்றுவிட்டது.