சோதனைச் சீட்டு பிரேக் பிடிக்காது!



தோட்டத்து லாரி வளைவில் சாய்ந்தால் ஆபீசிலிருந்து எழும் முதல் வார்த்தை "டிரைவரின் கவனக்குறைவு" என்பதுதான். பிரேக்கை எப்போது பழுது பார்த்தார்கள், டயரை எப்போது மாற்றினார்கள், முந்தின நாள் டிரைவர் எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தார் என்றெல்லாம் ஒருவரும் கேட்பதில்லை. நாம் கேட்டாலோ ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். "வண்டி சோதனையில் பாஸ். எங்கள் கடமை தீர்ந்தது" என்கிறார்கள். தீரவில்லை என்கிறோம் நாம்.

வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் போன்ற பரிசோதனை நிலையத்துக்குப் போக வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, டயர், புகை எல்லாம் அங்கே பார்க்கப்படும். நல்ல விதிதான், அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அது வருஷத்தில் இரண்டே நாள். மீதி 363 நாளும் அந்த லாரி செம்மண் ரோட்டில், மழைச் சேற்றில், பால் டாங்கியையோ செம்பனைக் குலையையோ சுமந்து ஓடுகிறதே, அந்த நாட்களுக்கு யார் ஜவாப்தாரி? சோதனை நாளில் இரவல் டயரை மாட்டிப் பாஸ் வாங்கிவிட்டு, மறுநாளே மொட்டை டயரை மாட்டும் வித்தை நம் நாட்டில் யாருக்குத் தெரியாது? காகிதம் சுத்தமாக இருக்கிறது. டயர் மொட்டையாக இருக்கிறது!

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் என்ன சொல்கிறது? இயந்திரங்களையும் வேலை முறைகளையும் ஆபத்தில்லாதபடி வைத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது 15ஆம் பிரிவு. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தால், இக்கடமையில் தவறினால் விதிக்கப்படும் உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. "எங்கள் டிராக்டர் தோட்டத்துக்குள்தான் ஓடுகிறது, பொது ரோட்டுக்குப் போவதில்லை" என்று தப்பிக்கவும் வழியில்லை. தோட்டம் வேலையிடந்தானே!

டிரைவர் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, தம் உயிரையும் பிறர் உயிரையும் காக்கக் கவனம் செலுத்துவது தொழிலாளியின் கடமை என்கிறது. ஆகவே சாவியைத் திருப்புமுன் டயர், விளக்கு, கண்ணாடி, ஸ்டீயரிங், எண்ணெய் எல்லாவற்றையும் பாருங்கள். காற்று பிரேக் வண்டியானால் காற்று அளவு ஏறும்வரை காத்திருங்கள். காற்றுத் தொட்டியில் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். சிறிய கியரில் இறங்குங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் நேரம் வேண்டாமா? பிரட்டு முடிந்த மறு நிமிஷமே "லாரி இன்னும் கிளம்பவில்லையா?" என்று அதட்டினால் எந்த டிரைவர் வண்டியைச் சுற்றிப் பார்ப்பான்? அந்தப் பத்து நிமிஷமும் வேலை நேரமே; அதற்குச் சம்பளம் உண்டு என்று நிர்வாகம் எழுதிக் கொடுக்கட்டும்.

பழுது தெரிந்தும் "இன்று ஒருநாள் ஓட்டு" என்று கட்டளை வந்தால்? உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, நிர்வாகத்திடம் தெரிவித்தும் அது நடவடிக்கை எடுக்காவிட்டால், அவ்விடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை 26ஏ பிரிவு தொழிலாளிக்குக் கொடுத்திருக்கிறது. பாதுகாப்புப் புகார் செய்தவரை அதற்காக வேலை நீக்குவதோ பழிவாங்குவதோ கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. இவ்விரண்டையும் ஒவ்வொரு டிரைவரும் மனனம் செய்துகொள்ள வேண்டும்.

"பால் வெட்டும் எனக்கு இதில் என்ன?" என்று எண்ண வேண்டாம். விடியுமுன் அந்த வண்டியில் ஏறுவது யார்? நாமும், நம்மோடு உழைக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுந்தானே! கிராணிமாருக்கும் இதில் பங்குண்டு. டிரைவர் வாயால் சொன்ன பழுது காற்றில் போகும். நாம் தேதி போட்டு எழுதிய பழுது விசாரணையில் பேசும்.

செலவு அதிகமென்று முணுமுணுப்போருக்கு 2025ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். மே 13இல் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லாரியும் கலகத் தடுப்புப் போலீசாரின் வண்டியும் மோதி 9 போலீசார் மாண்டனர். ஜூன் 9இல் கெரிக் அருகே பஸ் கவிழ்ந்து பல்கலைக்கழக மாணவர் 15 பேர் மாண்டனர். நாடே அழுதது, விசாரணைக் குழுவும் அமைந்தது. பிணம் விழுந்த பிறகு போடும் குழுவால் போன உயிர் திரும்புமா?

நாம் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தினசரிப் பழுதுப் புத்தகம் வேண்டும்; அதில் டிரைவரோடு நிர்வாகமும் கையொப்பமிட வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், டயர் பழுதென்று எழுதிய வண்டி, சீராகும்வரை நகரக் கூடாது. வண்டி நின்ற நாளுக்கு டிரைவர் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைப்பது சட்டம். அக்குழுவில் லாரி டிரைவர் ஒருவர் உட்கார வேண்டும்.

உங்கள் தோட்டத்தில் அந்தக் குழு இருக்கிறதா? கடைசியாக எப்போது கூடியது? அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை முதற் கேள்வியாக எழுப்புங்கள். பதில் இல்லையென்றால், நிர்வாகத்துக்குச் சங்கத்தின் கடிதம் அன்றைக்கே போகட்டும்!