சராசரி இருமுவதில்லை

தமிழ்நாட்டின் ஆரோக்கியம் என்று பேச்சு வந்தாலே நமக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. அதில் தப்பில்லை. 2020 கணக்கில் ஆயிரம் பிறப்புக்கு 28 சிசு மரணங்கள் என்று இந்தியா நின்றபோது இங்கே 13. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில். நானும் வடக்கத்தி நண்பர்களிடம் இதைச் சொல்லிச் சண்டை போட்டவன்தான். என் சண்டை இப்போது நம்மோடு.

சாஃப்ட்வேரில் ஒருவன் ‘சராசரியா 200 மில்லிசெகண்டில் பதில் வருது’ என்றால் உடனே கேட்போம்: சரி, கடைசி ஒரு சதவீதத்துக்கு என்ன ஆச்சு? சர்வருக்குக் கேட்கிற இந்தக் கேள்வியை மாநிலத்துக்கு நாம் கேட்பதில்லை.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் கேட்டுப் பார்க்கலாம். இன்சுலேட்டர், ஃப்யூஸ் கேரியர், பொம்மை, அகல் விளக்கு எல்லாம் செய்கிற ஊர். பீங்கானுக்குக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் வேண்டும். குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. மண் ஈரமாக இருக்கிறவரை பெரிய தொல்லையில்லை. மூட்டையைக் கொட்டும்போது, காய்ந்த வார்ப்பின் பிசிறைத் தேய்க்கும்போது, சாயங்காலம் விளக்குமாற்றால் தரையைப் பெருக்கும்போது பறக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியதுதான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். பத்து, இருபது வருஷம் கழித்து மூச்சு வாங்கும். சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. இங்கிலாந்தின் பீங்கான் ஊரான ஸ்டோக்-ஆன்-டிரென்ட்டில் குயவர்களின் பெயரிலேயே இந்த நோயை அழைத்தார்கள்.

விருத்தாசலம் என்றதும் நம்மில் பலருக்கு ஊருக்கு முன்னால் புதுமைப்பித்தன்தான் ஞாபகம் வருவார். சொ. விருத்தாசலம், 1948-ல் காசநோயில் போனவர். காசநோய் நமக்கு இலக்கியத்திலேயே பழக்கமான நோய். சிக்கலும் அங்கேதான். சிலிக்கோசிஸ் எக்ஸ்ரேயில் காசநோய் மாதிரியே தெரியக்கூடும். சிலிக்கா படிந்த நுரையீரலுக்குக் காசநோய் சுலபமாகவும் வரும். ‘டிபி’ என்று சீட்டில் எழுதிவிட்டால் தூசி தப்பித்துவிடும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே சிலிக்கோசிஸ் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். ஆனால் அந்தச் சட்டத்தில் மின்சாரம் ஓடும் பட்டறை ‘தொழிற்சாலை’ ஆக 10 ஆள் வேண்டியிருந்தது. 2020 சட்டத்தொகுப்பு அதை 20 ஆக்கிவிட்டது. எட்டுப் பேர் வேலை செய்யும் இடத்தில் தூசி என்ன ஆளை எண்ணிவிட்டா பறக்கும்?

மக்களைத் தேடி மருத்துவம் வந்தது, பிறகு தொழிலாளரைத் தேடியும் வந்தது. நல்ல விஷயம், பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். எல்லா ஊருக்கும் ஒரே பரிசோதனை என்பதுதான் சராசரியின் புத்தி. நம்மைவிடப் பின்தங்கியது என்று நாம் கேலி பேசும் ராஜஸ்தான் 2019-லேயே சிலிக்கோசிஸுக்குத் தனிக் கொள்கை போட்டு, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நிவாரணம் தருகிறது. அங்கே கல் குவாரிகள் அதிகம், இங்கே அந்த அளவுக்கு இல்லையே என்பார்கள். குவாரியும் இங்கே இருக்கிறது, பீங்கானும் இருக்கிறது.

பெரிய ஆராய்ச்சி நிலையம் எதுவும் நான் கேட்கவில்லை. தரையை ஈரத்துணியால் துடைக்கட்டும், தேய்க்கும் மேசையில் தூசி உறிஞ்சும் குழாய் வைக்கட்டும், வருஷம் ஒரு எக்ஸ்ரே எடுக்கட்டும். விருத்தாசலம் அரசு மருத்துவமனையில் இருமிக்கொண்டு வருகிறவரிடம், சளி டப்பாவைக் கொடுப்பதற்கு முன்னால், “என்ன வேலைங்க பாக்குறீங்க, எத்தனை வருஷமா?” என்று கேட்டுச் சீட்டில் எழுதட்டும்.