பாட்டுக் கச்சேரியும் தாலுக்கா கச்சேரியும்

கச்சேரி என்கிற சொல்லுக்கு நம்ம பக்கத்தில் இரண்டு அர்த்தம் உண்டு. சபாவில் சுருதி சேர்த்துப் பாடினால் அது கச்சேரி. மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிற இடமும் கச்சேரிதான். "எங்க போற?" என்று கேட்டால், "தாலுக்கா கச்சேரிக்கு, பட்டா விஷயமா" என்று செங்கல்பட்டுப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். முதல் கச்சேரிக்கு அழைப்பிதழ் அச்சடித்து வரும். இரண்டாவது கச்சேரிக்கு நாமாகத்தான் போகணும். போனாலும் "நாளைக்கு வா" என்பான்.

இந்த இரண்டு கச்சேரிக்கும் நடுவில் என்ன உறவு என்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக இப்போது தர்மம் பெருகிக் கிடக்கிறது. ஏழைக் குழந்தைகளின் கல்விக்கு இசை இரவு. புற்றுநோய் நிதிக்கு நட்சத்திரக் கலை விழா. சொகுசு விடுதியில் 'உலகத் தலைவர்கள்' கூடும் மாநாடு. அதில் ஓரமாக 'நாளைய தலைவர்கள்' என்று நாற்காலி போட்டு, சேரியிலிருந்து படிக்க வந்த நம்ம பிள்ளைகளை உட்கார வைக்கிறார்கள். போகலாமா வேண்டாமா என்று மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போகணும்.

தமிழ்நாட்டில் தர்மக் கச்சேரி என்றால் முதலில் நினைவுக்கு வருகிற பெயர் எம்.எஸ்.சுப்புலட்சுமி. 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகப் பாடினார். அதற்கப்புறம் வாழ்நாளெல்லாம் மருத்துவமனைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு என்று 200க்கும் மேற்பட்ட நிதிக் கச்சேரிகள். 1974இல் பொதுச் சேவைக்கான மகசேசே விருது கொடுத்தார்கள். பாடி வந்த காசைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாத அம்மா அவர். அவர் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. தேவதாசி மரபில் மதுரையில் பிறந்த ஒரு பெண், தன் பிறப்பின் சுவடே தெரியாத அளவுக்குப் பார்ப்பன மடிசாரில் பொதிந்து வைக்கப்பட்ட பிறகுதான் 'உலகுக்கே தாய்' ஆக முடிந்தது என்பது தனியாக எழுத வேண்டிய கதை.

நான் சொல்ல வந்தது வேறு. 1966 அக்டோபர் 23 அன்று ஐ.நா. சபையில் எம்.எஸ். பாடினார். முடிவில் பாடியது காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரசுவதி எழுதிக் கொடுத்த சமஸ்கிருதப் பாட்டு. உலக நாடுகளே நட்பாக இருங்கள், சகல சனங்களுக்கும் நன்மை உண்டாகட்டும் என்பது அதன் சாரம். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் எழுதியவர் யார்? வர்ணாசிரமமே சமூகத்தைத் தாங்குகிற தர்மம் என்று கடைசிவரை வாதாடியவர். அன்றைக்குக் காஞ்சிபுரம் இருந்தது நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தில். சகல சனமும் நல்லா இருக்கணும் என்ற பாட்டு செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து நியூயார்க் வரை போயிற்று. அந்தப் பாட்டுக்குப் பக்கத்துச் சேரிக்குள் வர வழி தெரியவில்லை. இரண்டு வருசம் கழித்து, 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டதுதான் குற்றம். 'சகல சனம்' என்ற சொல்லுக்குள் அவர்கள் இருந்தார்களா, இல்லையா?

தர்மத்தின் சூட்சுமமே இதுதான். அது தூரத்தில் இருக்கிறவனிடம் அன்பாக இருக்கும். பக்கத்தில் இருக்கிறவன் கூலி கேட்டால், நிலம் கேட்டால், முகம் மாறும்.

இதை முதலில் சரியாகப் பிடித்தவர் அண்ணல் அம்பேத்கர். பூனா ஒப்பந்தம் முடிந்த சூட்டோடு, 1932 செப்டம்பர் 30 அன்று பம்பாயில் கூட்டம் போட்டுத் தீண்டாமை எதிர்ப்புச் சங்கம் ஆரம்பித்தார்கள். பிறகு அதுதான் அரிசன சேவா சங்கம் ஆயிற்று. தலைவர் யார்? ஆலை முதலாளி ஜி.டி.பிர்லா. அன்றைக்கு இந்தியாவின் மிகப் பெரிய கொடையாளிகளில் ஒருவர். சங்கச் செயலாளர் தக்கருக்கு அம்பேத்கர் அந்த நவம்பரில் கப்பலில் போகும்போதே ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தனித்தனி ஆளைத் திருத்துகிற வேலை வேண்டாம். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க, பள்ளிக்கூடத்தில் சேர, ஊர்த் தெருவில் நடக்க உரிமை கேட்டுக் கிராமம் கிராமமாகப் போராடுங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். அதைக் கண்டுகொள்ள ஆளில்லை. அவர் வெளியேறினார். சங்கத்தின் நிர்வாகத்தில் தீண்டப்படாதோருக்கு இடம் இல்லையே என்று கேட்டபோது காந்தியார் தரப்பு சொன்ன பதிலைக் கவனியுங்கள் தோழர்களே: இது சாதி இந்துக்கள் செய்கிற பிராயச்சித்தம், ஆகவே அவர்கள்தான் நடத்தணும் என்றார்கள். அதாவது வலி நமக்கு, புண்ணியம் அவர்களுக்கு, கணக்குப் புத்தகமும் அவர்களிடம். இன்றைக்கு விடுதி மாநாடுகளில் நடப்பதற்கு இதுதான் மூலப் பிரதி.

அந்தச் செப்டம்பர் 30க்குச் சரியாக 40 வருசம் முன்னால், 1892 செப்டம்பர் 30 அன்று, இன்னொரு காரியம் நடந்தது. அதற்குப் பாட்டும் இல்லை, மேளமும் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். தரிசு நிலத்துக்கு நம்ம ஆட்கள் விண்ணப்பம் போட்டால் மிராசுதாரர்கள் குறுக்கே நிற்கிறார்கள். குடியிருக்கிற மனைகூட மிராசுதாரன் கையில் இருப்பதால், வாயைத் திறந்தால் வீட்டை விட்டே துரத்துகிறான் என்று விவரமாக எழுதினார். இரக்கப்படுங்கள், கஞ்சித் தொட்டி வையுங்கள் என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. நிலம் கொடுங்கள் என்றார். அதன் விளைவுதான் 1010, 1010-ஏ எண் அரசாணைகள். பஞ்சமி நிலம் பிறந்தது. 10 வருசத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் கணக்குச் சொல்லி வருகின்றன.

வெள்ளைக்காரனை நான் புகழவில்லை. வரி வசூல்தான் அவனுக்குக் குறி. ஆனாலும் அந்தக் காகிதத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அது நம்மைப் பாத்திரம் ஏந்தியவனாகப் பார்க்கவில்லை, சர்வே எண்ணுக்குச் சொந்தக்காரனாகப் பார்த்தது. நம்ம தாத்தன் பாட்டி பேர் அரசாங்க ஏட்டில் ஏறியது அப்படித்தான்.

அந்த நிலம் எங்கே போச்சு? கடனுக்கு, கைநாட்டுக்கு, மிரட்டலுக்குப் போச்சு. பதிவேடு மாற்றுகிற காலத்தில் பேர் மாறிப் போச்சு. செங்கல்பட்டுப் பகுதியின் காரணையில் நம்ம சனங்க அதைத் திரும்பக் கேட்டார்கள். அந்த மண்ணில் அண்ணல் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. நியாயம் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டபோது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு உயிர் போனது. தானம் கேட்டிருந்தால் சுட்டிருப்பானா? வேட்டி சேலை கொடுத்துப் படம் எடுத்து அனுப்பியிருப்பான். சட்டப்படி நம்முடையதைத் திருப்பிக் கொடு என்று கேட்டதால்தான் துப்பாக்கி வந்தது.

அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு 25 வருசம் முடிந்த மறுநாள், 2019 அக்டோபர் 11 அன்று, மாமல்லபுரத்தில் நரேந்திர மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். கடற்கரைக் கோயில் முன்னால் விளக்கு, மேடை, கலாக்ஷேத்ராவின் ஆட்டம் பாட்டு. அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம் எல்லாம் உலகத் தொலைக்காட்சியில் வந்தது. 2022இல் அதே கரையில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட். 2023 ஜூனில் ஜி-20 நாடுகளின் பெண்கள் பிரிவு கூடி, பெண்கள் தலைமை ஏற்கும் வளர்ச்சி பற்றிப் பேசியது. நல்ல பேச்சுதான். பல்லவன் கல்லை எல்லோரும் பார்த்தார்கள். கல்லுக்குப் பின்னால் பூஞ்சேரி என்று ஓர் ஊர் இருக்கிறதே, அதை யார் பார்த்தார்கள்?

பூஞ்சேரியைப் பார்க்க வைத்தது எந்த மாநாடும் இல்லை, ஒரு நரிக்குறவப் பெண். 2021 அக்டோபரில் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் அவரையும் அவர் கூட்டத்தாரையும் பந்தியிலிருந்து எழுப்பி விரட்டினார்கள். அன்னதானம்! தானத்திலேயே பெரிய தானம் என்பார்கள். அந்தப் பந்தியிலும் ஒரு தீண்டாமைக் கோடு. அந்தப் பெண் அழுதுகொண்டு போகவில்லை. கேமரா முன்னால் நின்று சட்டத்தையும் உரிமையையும் பேசினார். பேச்சு தமிழ்நாடு முழுக்கப் போனது. அறநிலையத்துறை அமைச்சர் வந்து அதே கோயிலில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அத்தோடு முடிந்திருந்தால் அது இன்னொரு புகைப்படம்தான். ஆனால் அவர்கள் கேட்டது சோறு மட்டும் இல்லை. குடியிருக்கிற மனைக்குப் பட்டா, சாதிச் சான்றிதழ். 2021 நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுக்க வேண்டியதாயிற்று. பந்தியில் ஆரம்பித்த கேள்வி பட்டாவில் வந்து நின்றது. எந்தப் பயிற்சி முகாமிலும் சான்றிதழ் வாங்காத பெண் செய்த வேலை இது. தலைமை என்றால் இதுதானே?

"பசிச்சவனுக்குச் சோறு போடுறதையும் குத்தம் சொல்றியா?" என்று கேட்பார்கள். சொல்லவில்லை. 2004 சுனாமியில் இந்தக் கரை முழுக்க அடிபட்டபோது வந்த அரிசியும் கூடாரமும் தேவைப்பட்டது. 2005 ஜனவரி 22 அன்று வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்தில் சுனாமி நிதிக்காகப் பெரிய இசை விழா நடத்தினார்கள். பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். பாடினவனும் டிக்கெட் வாங்கினவனும் நல்ல மனசோடுதான் வந்திருப்பான். ஆனால் அந்த மாதிரி உதவிகள் தமிழகக் கரையில் வந்து இறங்கியதும் சாதியின் கையில்தான் விழுந்தன. படகு வைத்திருந்தவன்தான் பாதிக்கப்பட்டவன் என்று பட்டியல் எழுதினார்கள். கரையோர வயலில் கூலி வேலை செய்த தலித், உப்பங்கழியில் இறால் தடவிய இருளர் பட்டியலில் கடைசி, அல்லது பட்டியலிலேயே இல்லை. நிவாரணத்தில் நடந்த இந்தப் பாகுபாட்டை மனித உரிமை அமைப்புகள் ஊர் ஊராகப் பதிவு செய்திருக்கின்றன. காசு கடல் தாண்டி வந்துவிட்டது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற வாய்க்காலை அதால் தாண்ட முடியவில்லை.

பாட்டுக்கும் நாம் எதிரி இல்லை. பறையைச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்ததும் நாம்தான்; அதே பறையை விடுதலைக்கு அடிப்போம் என்று மேடையேற்றியதும் நாம்தான். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' தம்பிகள் பாடியபோது யாருக்கும் நிதி திரட்டவில்லை. இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் மேடையில் பாடினார்கள். பண்டிதர் அயோத்திதாசர் சொன்ன சாதி பேதமற்ற திராவிடர் என்ற கருத்திலிருந்து தங்களுக்குப் பேர் எடுத்துக்கொண்டார்கள். அங்கே நம்ம சனம் பரிதாபப் பொருள் இல்லை, பாடுகிற வாய்.

இப்போது மாணவத் தோழர்களுக்கு. மாநாட்டுக்குக் கூப்பிட்டால் போங்கள், தப்பில்லை. ஆங்கிலம் பழகும், நாலு ஊர் ஆளைப் பார்க்கலாம். ஆனால் போகும்போது மூன்று கேள்வியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். இந்த மேடை நிற்கிற நிலத்தின் பழைய பதிவேட்டில் யார் பேர் இருந்தது? திரட்டின காசை எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்கிற குழுவில் நம்ம ஆள் எத்தனை பேர்? இங்கே தலைமை பற்றிப் பேசுகிற கனவான், தன் நிறுவனத்தில் துப்புரவு செய்கிறவருக்கு நிரந்தர வேலை கொடுத்திருக்கிறாரா? கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள். பதில் வந்தால் நல்லது. அடுத்த வருசம் அழைப்பிதழ் வராமல் போனால் அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொன்று. 2013ஆம் வருசத்துக் கம்பெனிகள் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழித்தாக வேண்டும். அது கொடை இல்லை, கடமை. அதை வாங்கிக்கொண்டு கும்பிடு போடாதீர்கள்.

மாநாட்டுக்கு இரண்டு நாள் ஒதுக்குகிறவர்கள், இரண்டாவது கச்சேரிக்கும் இரண்டு நாள் ஒதுக்குங்கள். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர் என்று ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் 2005ஆம் வருசத் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். உங்கள் ஊர் 'அ' பதிவேடு, பழைய நிலவரித் திட்டப் பதிவேடு, டி.சி. நிபந்தனை நிலப் பட்டியல் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். சர்வே எண்ணுக்கு சர்வே எண் ஒப்பிட்டு, எந்த வருசம் பேர் மாறியது என்று எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, வரப்பு எங்கே இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பெரியவர்கள் இன்னும் கொஞ்ச காலம்தான் இருப்பார்கள். ஒரு கிராமத்துக்காவது இந்த வேலையை முழுசாக முடித்து, ஆட்சியர் மேசையில் கொண்டுபோய் வையுங்கள்.