எண்களில் மாலைமாற்று

"விகடகவி" என்பதைத் திருப்பிப் படித்தாலும் "விகடகவி" என்றே வரும். புலவர்கள் இதனை மாலைமாற்று என்பர். திருஞானசம்பந்தர் இம்முறையில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். எண்களிலும் இவ்வகை உண்டு. கல்யாணத்தில் நாம் மொய் எழுதும் 101 அத்தகையதே.

ஏறக்குறைய கி.பி. 850-ல், இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் விளங்கிய மகாவீராசாரியர், தமது கணிதஸார ஸங்கிரகத்தில் இவற்றை வெகு ரஸமாகக் கையாண்டிருக்கிறார். 139-ஐ 109-ஆல் பெருக்கினால் 15151. இத்தகைய விடைகளைக் கழுத்தணி என்றே அவர் வர்ணிக்கிறார். அந்நூலை ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912-ல் சென்னையில் வெளியிட்டார்.

பாலக்கரையில் நம்மிடம் கணக்குப் பயிலும் சிறுமி ஒருத்தி, "இந்த அழகு எண்ணில் இருக்கிறதா, எழுதுவதில் இருக்கிறதா?" என்று கேட்டாள். பாடத்தில் இல்லாத கேள்வி என்று பள்ளியில் அவளை உட்கார்த்திவிட்டார்களாம். கணிதத்தின் உயிர்நிலையே அக்கேள்வியில்தான் இருக்கிறது!

கைவிரல் பத்தாதலால் நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். 1957-க்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா. 17 அணாவை நம் பாட்டனார் 1 ரூபாய் 1 அணா என்று எழுதினார், மாலைமாற்று வந்துவிட்டது. இனி, கம்ப்யூட்டர் செய்வதுபோல் 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும் ஸ்தானங்களில் 15151-ஐ எழுதுவோம்: 11101100101111. ஆசாரியரின் மாலை அவிழ்ந்துவிட்டது! ஆனால் தொகையில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆகவே அழகு எழுத்தினுடையது, அளவு எண்ணினுடையது. இவ்விரண்டையும் பிரித்தறியாத பிள்ளைக்குக் கணக்கு வெறும் மனப்பாடமாகவே நின்றுவிடும்.

ஒரு முறையில் மட்டும் மாலையாவது பெரிய காரியமன்று. மூன்றும் அதற்கு மேற்பட்டதுமான எந்த எண்ணையும், அதனினும் ஒன்று குறைந்த எண்ணை அடியாகக் கொண்டு எழுதினால் 11 என்றே வரும். இரண்டு முறைகளிலும் மாலையாக நிற்பவையே அபூர்வம். 585 பத்தின் முறையில் மாலை. இரண்டின் முறையில் 1001001001, அதுவும் மாலை. 353-ஐப் பதினாறின் முறையில் எழுதினால் 161.

இன்றிரவு சாப்பாடான பிறகு குழந்தைகளிடம் 313-ஐக் கொடுங்கள். இரண்டால் வகுத்து மீதியைக் குறிக்கட்டும். ஈவையும் அவ்வாறே, பூஜ்யம் வரும் வரையில் வகுத்துக்கொண்டு போகட்டும். வழக்கமாக அம்மீதிகளைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். இங்கே மட்டும் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் விடை ஒன்றே. ஏன் என்று அவர்களே கேட்டால், தயவுசெய்து உட்காரச் சொல்லாதீர்கள்.